ஏரிக்கு வானமும் ஒரு வரத்துக் கால்வாய்

சென்ற கோடையில் பறவைகளுக்காக எங்கள் பள்ளிச் சுற்றுச்சுவரின் மேல் மாணவர்கள் ஒரு மண்தட்டில் தண்ணீர் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை தேய்த்துக் கழுவி நிரப்பிய தட்டு அது. திங்கட்கிழமை காலை பார்த்தபோது நீரின் மேல் மெல்லிய படலம் மிதந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், ரெண்டு நாளா பள்ளிக்கூடமே பூட்டிக் கிடந்துச்சு. யாரும் எதையும் கொட்டல. அப்புறம் எப்பிடி அழுக்காச்சு?"

"காத்துல வந்த தூசும்மா" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. அவள் அடுத்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: தட்டுக்கு நேர்ந்தது ஏரிக்கு நேராதா?

நீர் மாசுபாடு என்று நான் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்த படம் ஒன்றுதான். ஒரு ஏரி, அதில் கழிவுநீரை விடும் ஒரு குழாய், துணி துவைப்பவர்கள், மாடு குளிப்பாட்டுபவர்கள். காற்று மாசுபாட்டிற்குப் புகைபோக்கியும் பேருந்தும் கொண்ட வேறொரு படம். இரண்டும் வெவ்வேறு பாடம், வெவ்வேறு நாள். இரண்டையும் இணைக்கும் ஓர் அம்புக்குறியை நான் வரைந்ததே இல்லை. மாணவர்களும் காற்று வேறு, நீர் வேறு என்றே எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். அந்த விடுபட்ட அம்புக்குறியைப் பற்றியதே இக்கட்டுரை.

கற்றல் விளைவுகள்

இப்பாடத்தின் முடிவில் மாணவர்கள்
1. காற்றில் உள்ள துகள்கள் நீர்நிலையில் இறங்கும் வழிகளை விளக்குவர்.
2. துகளின் அளவுக்கும் அது பயணிக்கும் தொலைவுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிடுவர்.
3. கொடைக்கானல் ஏரியின் சான்றைக் கொண்டு, மாசின் மூலத்தைக் கண்டறியும் முறையைக் கூறுவர்.
4. தம் ஊரில் படியும் தூசின் அளவை எளிய முறையில் அளப்பர்.

துகள் எவ்வளவு சிறியது? எவ்வளவு தூரம் போகும்?

காற்றிலுள்ள நுண்துகள்களை மைக்ரோமீட்டரில் அளக்கிறோம். ஒரு மில்லிமீட்டரில் 1000 மைக்ரோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரோமீட்டர். செய்திகளில் வரும் பி.எம். 10 என்பது 10 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான விட்டமும் கொண்ட துகள்களைக் குறிக்கும். பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவானவையும். மண்புழுதி, கல் உடைக்கும்போது எழும் தூள், உமிச் சாம்பல் ஆகியவற்றில் பெரிய துகள்கள் மிகுதி. டீசல் புகை, குப்பை எரிக்கும் புகை ஆகியவற்றில் மிக நுண்ணியவை மிகுதி.

அசையாத காற்றில் ஒரு சிறு துகள் விழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். இது ஸ்டோக்ஸ் விதியிலிருந்து கிடைப்பது. நீரின் அடர்த்தியுள்ள 10 மைக்ரோமீட்டர் துகள் நொடிக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வீதம் இறங்கும். இதை வைத்து மாணவர்களைக் கணக்கிடச் சொல்லலாம்.

100 மீட்டர் உயரத்திலிருந்து 10 மைக்ரோமீட்டர் துகள் தரையைத் தொட ஆகும் நேரம் = 1,00,000 மி.மீ. ÷ 3 = ஏறத்தாழ 33,300 நொடி. அதாவது 9 மணி நேரத்திற்குச் சற்று மேல்.

விட்டம் பத்தில் ஒரு பங்கானால் வேகம் நூறில் ஒரு பங்காகும். எனவே 1 மைக்ரோமீட்டர் துகளுக்கு ஆகும் நேரம் இதைப்போல் நூறு மடங்கு, அதாவது 38 நாட்களுக்கு மேல்.

இப்போது காற்றைச் சேர்ப்போம். மணிக்கு 10 கிலோமீட்டர் என்ற மென்மையான மேல்காற்று வீசினாலே, பெரிய துகள் அந்த 9 மணி நேரத்தில் 90 கிலோமீட்டர் போய்விடும். செஞ்சியில் எழுந்தது புதுச்சேரியைத் தாண்டிக் கடலில் விழும். சிறிய துகளுக்கு மாநில எல்லையே கிடையாது. "எங்க ஊர்ல தொழிற்சாலையே இல்லையே" என்று மாணவர்கள் சொல்லும்போது இந்தக் கணக்கை நினைவூட்டலாம்.

இறங்கும் மூன்று வழிகள்

முதல் வழி, உலர் படிவு. மழையில்லாத நாட்களில் பெரிய துகள்கள் தம் எடையால் இறங்குகின்றன. சிறியவை காற்றின் சுழற்சியில் நீர்ப்பரப்பை உரசும்போது ஒட்டிக்கொள்கின்றன. தெருவில் விழுந்த தூசை அடுத்த காற்று மீண்டும் கிளப்பும். நீரில் விழுந்ததோ அவ்வளவு எளிதாகத் திரும்பாது. பறவைத் தட்டில் நாம் பார்த்தது இதைத்தான்.

இரண்டாவது, ஈரப் படிவு. மேகத்துளிகள் உருவாவதற்கே நுண்துகள்கள் கருவாகின்றன. விழும் மழைத்துளியும் வழியில் உள்ள துகள்களைத் துடைத்துக்கொண்டு வருகிறது. மழைநீர் சேகரிப்பில் முதல் மழையைத் தொட்டிக்குள் விடாமல் வெளியேற்றுகிறோம். கூரை அழுக்கை மட்டும் அல்ல, காற்றின் அழுக்கையும் கழுவி வந்த நீர் அது. நம் வீட்டுத் தொட்டிக்கு முதல் மழையைத் தவிர்க்க வழி உண்டு, ஏரிக்கு இல்லை.

மூன்றாவது, வளிமப் பரிமாற்றம். ஆவியாக இருக்கும் சில வேதிப்பொருள்கள் நேரடியாக நீரில் கரைகின்றன, அல்லது துகள்களின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றோடு இறங்குகின்றன.

இவை தவிர, ஏரியைச் சுற்றியுள்ள நிலத்திலும் மரங்களிலும் கூரைகளிலும் படிந்த தூசு, மழைநீரோடு வரத்துக் கால்வாய் வழியாக வந்து சேர்கிறது. ஆக, ஏரிக்கு நிலத்திலிருந்து வரும் கால்வாய்கள் போலவே வானத்திலிருந்தும் ஒரு வரத்து இருக்கிறது. அதற்குக் கரை இல்லை, அடைக்க மதகும் இல்லை.

கொடைக்கானல்: குழாய் இல்லாமல் வந்த பாதரசம்

இதற்கு நம் மாநிலத்திலேயே ஆவணப்படுத்தப்பட்ட சான்று உண்டு. கொடைக்கானல் ஏரி 1863-இல் அமைக்கப்பட்டது. பரப்பு சுமார் 60 ஏக்கர். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இயங்கிய ஒரு வெப்பநிலைமானித் தொழிற்சாலை 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. முதலில் பாண்ட்ஸ் நிறுவனத்திடமும் பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்திடமும் அது இருந்தது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு ஒரு பழைய பொருள் கிடங்கில் கிடந்தது வெளிப்பட்டு, மக்கள் போராடியதை அடுத்து, 2001 மார்ச்சில் தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் ஒரு பகுதிக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் 2016-இல் உடன்பாடு ஏற்பட்டது.

நம் பாடத்திற்கு முக்கியமானது வேறொன்று. தொழிற்சாலை இருந்த மேட்டின் சரிவு பாம்பாறு சோலைப் பக்கம் இறங்குகிறது. அப்படியிருக்க ஏரியில் பாதரசம் வந்தது எப்படி?

ஐதராபாத்தில் உள்ள, பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஆய்வுக்கூட அறிவியலாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். அவர்கள் கையாண்ட முறை மாணவர்களுக்கு ஓர் அருமையான பாடம்.

முதலில் அவர்கள் மரங்களில் வளரும் மாஸ் பாசிகளையும் லைக்கன்களையும் சோதித்தார்கள். ஏன் அவை? அவற்றுக்கு மண்ணிலிருந்து உறிஞ்சும் உண்மையான வேர் கிடையாது. ஈரத்தையும் ஊட்டத்தையும் பெரும்பாலும் காற்றிலிருந்தும் மழையிலிருந்துமே பெறுகின்றன. எனவே அவற்றில் பாதரசம் இருந்தால் அது காற்றுவழி வந்தது என்று கொள்ளலாம். அவற்றில் பாதரசம் இருந்தது.

அடுத்து ஏரிநீர், அடிவண்டல், மீன் ஆகியவற்றைச் சோதித்தார்கள். கொடைக்கானல் ஏரியோடு நிறுத்தாமல், அதே மலையில் தொலைவிலுள்ள பேரிஜம், கூக்கால் ஏரிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். 2006-இல் வெளியான ஆய்வின்படி, கொடைக்கானல் ஏரியின் ஒரு லிட்டர் நீரில் 356 முதல் 465 நானோகிராம் பாதரசம் இருந்தது. மற்ற இரு ஏரிகளின் நீரில் அளவு குறிப்பிடத்தக்க வகையில் குறைவு. ஏரிக்குப் பாதரசம் வந்தது தொழிற்சாலையின் வெளியேற்றத்தால் என்ற முடிவுக்கு ஆய்வு வந்தது.

ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. "இவ்வளவு சிறியதுதானே" என்று ஒரு மாணவர் கேட்பார். கேட்க வேண்டும். பதில் ஏரியின் அடியில் இருக்கிறது. காற்றோட்டமில்லாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. இது உயிரிகளின் உடலில் தங்கும். நுண்ணுயிரியைச் சிறு பூச்சியும், பூச்சியைச் சிறு மீனும், சிறு மீனைப் பெரிய மீனும் உண்ணும்போது ஒவ்வொரு படியிலும் செறிவு கூடுகிறது. உணவுச் சங்கிலிப் பாடத்தில் நாம் சொல்லும் உயிரியப் பெருக்கம் இதுவே. நீரில் குறைவாக இருப்பது மீனில் குறைவாக இருக்கும் என்று பொருளல்ல. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட நோய்க்குக் காரணமும் மெத்தில் பாதரசமே. அங்கு அது ஆலைக் கழிவுநீரில் கடலுக்குச் சென்றது. கொடைக்கானலில் பாதரசம் வந்தது காற்று வழியாக. வழி வேறு, போய்ச் சேர்ந்த இடம் ஒன்று: மீன்.

ஒரு தெளிவு தேவை. பாதரசம் அறை வெப்பநிலையிலேயே ஆவியாகும் உலோகம். அந்த ஆவி துகள் அல்ல, வளிமம். காற்றில் அதன் ஒரு பகுதி வேதிமாற்றம் அடைந்து தூசில் ஒட்டியும் மழையில் கரைந்தும் இறங்குகிறது. மேலே சொன்ன மூன்று வழிகளும் ஒரே பொருளில் சேர்ந்து நடப்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பள்ளிக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஆய்வகத்தில் பாதரச வெப்பநிலைமானி உடைந்தால், உருளும் மணிகளைக் கையில் எடுத்து விளையாட விடாதீர்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், மணிகள் இன்னும் சிறிதாகச் சிதறி வேகமாக ஆவியாகும். மாணவர்களை வெளியே அனுப்பி, சன்னல்களைத் திறந்து, இரண்டு தடித்த அட்டைகளால் மணிகளைத் திரட்டி, மூடியுள்ள புட்டியில் இட்டு மூடுங்கள்.

பெரிய ஏரிகளில் ஏன் இன்னும் கவலை?

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி, பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி. சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். அதன் நடுவே ஐல் ராயல் என்ற தீவு, அந்தத் தீவுக்குள் சிஸ்கிவிட் என்ற சிறு ஏரி. தீவில் தொழிற்சாலை இல்லை, வயல் இல்லை, மோட்டார் வண்டிகளுக்கும் அனுமதி இல்லை. சிஸ்கிவிட் ஏரி சுப்பீரியரைவிட உயரத்தில் இருப்பதால் பெரிய ஏரியின் நீர் அதற்குள் ஏறவும் முடியாது. ஆனாலும் 1970களிலும் 80களிலும் அந்த ஏரி மீன்களில், மின்மாற்றிகளில் பயன்பட்ட பி.சி.பி. என்ற வேதிப்பொருளும், தொலைவில் தென் மாநிலப் பருத்தி வயல்களில் தெளித்த டாக்சாஃபீன் பூச்சிக்கொல்லியும் இருந்தன. வானத்தைத் தவிர வேறு வழி இல்லை. இத்தகைய சான்றுகளுக்குப் பின் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து 1990 முதல் பேரேரிகளின் மேல் வான்வழிப் படிவை அளந்து வருகின்றன.

பெரிய ஏரிக்கு இரண்டு சிக்கல்கள். ஒன்று, பரப்பு. சுப்பீரியருக்கு நீர் தரும் நிலப்பரப்பு, ஏரியின் பரப்பைப்போல் ஒன்றரை மடங்குதான். எனவே வானத்திலிருந்து நேரே விழுவதன் பங்கு மிகப் பெரிது. இரண்டு, தங்கும் காலம். அந்த ஏரியில் உள்ள நீர் முழுவதும் மாற ஏறத்தாழ 190 ஆண்டுகள் ஆகும்.

நம் ஏரிகள் அப்படியல்ல. நல்ல மழை ஆண்டில் கோடி போகும், கோடையில் வற்றும். ஆனால் நீர் போனாலும் துகள் போவதில்லை. அது வண்டலாகத் தங்குகிறது. கோடையில் அதே வண்டலை உழவர்கள் வயலுக்கும் குயவர்கள் சூளைக்கும் எடுக்கிறார்கள். வண்டல் வளமானது என்பது உண்மை. காற்றில் வரும் மண்புழுதியிலும் பயிருக்கான சத்துகள் உண்டு, எல்லாத் தூசும் நஞ்சல்ல. ஆனால் புகையோடு வரும் காரீயம் போன்ற உலோகங்களும் அதே வண்டலில்தான் சேர்கின்றன. உலகின் பல ஏரிகளில் அடிவண்டலை அடுக்கடுக்காக வெட்டிச் சோதித்தபோது, காரீயம் கலந்த பெட்ரோல் பயன்பட்ட ஆண்டுகளின் அடுக்கில் காரீயம் கூடியும், நிறுத்திய பின் குறைந்தும் காணப்பட்டது. இந்தியாவில் அப்பெட்ரோல் 2000-இல் நிறுத்தப்பட்டது. புகையைக் குறைத்தால் ஏரி அதைக் காட்டுகிறது என்பதை மாணவர்களுக்கு அவசியம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இப்பாடம் அச்சத்தை மட்டுமே தரும்.

செயல்பாடு: நம் ஊர்த் தூசை அளப்போம்

தேவையானவை: 40 செ.மீ. விட்டமுள்ள வாயகன்ற தட்டையான பாத்திரம் ஒன்று, காய்ச்சி வடித்த நீர் (வண்டி பேட்டரிக்கு ஊற்றுவது போதும்), மூடியுள்ள புட்டிகள், வடிதாள், ஆய்வகத் தராசு.

செய்முறை:
1. பாத்திரத்தை மொட்டைமாடியில், மரக்கிளை மேலே இல்லாத இடத்தில் வைத்து, மூன்று விரற்கடை உயரம் நீர் ஊற்றவும். ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம், அதன் சுண்ணாம்பு படிந்து எடையைக் கூட்டிவிடும்.
2. நான்கு நாட்களுக்கு ஒருமுறை நீரைப் புட்டியில் ஊற்றி மூடி, பாத்திரத்தைக் கழுவிய நீரையும் அதில் சேர்த்து, புது நீர் வைக்கவும். இதைத் தவறவிடக் கூடாது. தேங்கிய நீரில் ஒரு வாரத்திற்கு மேல் விட்டால் டெங்கு கொசுவை நாமே வளர்த்தவர்கள் ஆவோம்.
3. இலை, பூச்சி, பறவை எச்சம் இருந்தால் நீக்கவும்.
4. 30 நாட்களுக்குப் பின் உலர்ந்த வடிதாளை எடைபோட்டு, புட்டி நீர் அனைத்தையும் அதில் வடிகட்டி, நன்கு உலர்த்தி மீண்டும் எடைபோடவும். வேறுபாடே தூசின் எடை.

கணக்கு (எடுத்துக்காட்டு): பாத்திரத்தின் பரப்பு = 3.14 × 0.2 × 0.2 = 0.1256 சதுர மீட்டர். கிடைத்த தூசு 0.25 கிராம் எனக் கொள்வோம். சதுர மீட்டருக்கு 0.25 ÷ 0.1256 = ஏறத்தாழ 2 கிராம். 100 ஹெக்டேர் ஏரியின் பரப்பு 10,00,000 சதுர மீட்டர். அதன்மேல் ஒரு மாதத்தில் விழுவது 20,00,000 கிராம், அதாவது 2 டன். கண்ணுக்குத் தெரியாத தூசு டன் கணக்காகும்போது மாணவர்கள் கணக்கை இரண்டாம் முறை சரிபார்ப்பார்கள். அதுதான் நமக்கு வேண்டும்.

ஒப்பீடு: கொடைக்கானல் ஆய்வில் மூன்று ஏரிகளை ஒப்பிட்டதுபோல் நாமும் ஒப்பிட வேண்டும். சாலையோரம் ஒரு பாத்திரம், பள்ளியின் பின்புறம் ஒன்று. எங்கள் மேல்மலையனூரில் அங்காளபரமேசுவரி அம்மன் கோயிலுக்கு ஒவ்வொரு அமாவாசைக்கும் பல மாவட்டங்களிலிருந்து பேருந்துகளும் வேன்களும் வந்து குவியும். எனவே அமாவாசையை ஒட்டிய நான்கு நாட்களையும் சாதாரண நான்கு நாட்களையும் தனித்தனிப் புட்டிகளில் சேர்த்து ஒப்பிடலாம். மற்ற ஊர்களில் போகிக்கு முன்னும் பின்னும், அறுவடைக் காலம், சந்தை நாள் எனத் தேர்ந்தெடுக்கலாம். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். வேறுபாடு வராவிட்டாலும் அதுவும் ஒரு முடிவுதான், ஏன் வரவில்லை என்பது அடுத்த வகுப்பு.

வகுப்புக்கேற்ற மாற்றங்கள்

தொடக்க வகுப்புகளுக்கு எடையும் வகுத்தலும் வேண்டாம். வெள்ளை அட்டையில் தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின் தடவி, மூன்று இடங்களில் ஒரு நாள் வைத்து, எது அதிகம் கறுத்தது என்று வரிசைப்படுத்தச் சொல்லலாம். சாலையோரப் புங்க இலையையும் வயலோரப் புங்க இலையையும் ஈர வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டலாம்.

6 முதல் 8 வகுப்புகளுக்கு, சேர்த்த தூசை உலர்த்தி, பாலித்தீன் தாள் சுற்றிய காந்தத்தை அதன்மேல் மெல்ல நகர்த்தினால் ஒட்டுபவை இரும்புள்ள துகள்கள். உருப்பெருக்கியில் மணல், கரி, மகரந்தம், இழை எனப் பிரித்து வரையலாம்.

9, 10 வகுப்புகளுக்கு மேலே கண்ட கணக்கும் இறங்கும் வேகக் கணக்கும் பொருந்தும். ஏரிக்கு அழைத்துச் சென்றால் கரையோடு நில்லுங்கள். மண் எடுத்த பள்ளங்கள் நீருக்கடியில் தெரியாது.

மதிப்பீட்டு வினாக்கள்

1. பாசியிலும் லைக்கனிலும் இருந்த பாதரசம் காற்றுவழி வந்தது என எப்படி அறியலாம்?
2. பேரிஜம், கூக்கால் ஏரிகளைச் சோதிக்காமல் இருந்திருந்தால் அந்த ஆய்வு எவ்வகையில் குறைபட்டிருக்கும்?
3. 5 மைக்ரோமீட்டர் துகள் 100 மீட்டர் இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?
4. உங்கள் ஊர் ஏரியை வரைந்து, அதற்குள் வரும் எல்லா வழிகளையும் அம்புக்குறியிட்டுக் காட்டுக.

நான்காவது வினாவே இப்பாடத்தின் உரைகல். எங்கள் வகுப்பில் பாடத்திற்கு முன் அதே படத்தை வரையச் சொன்னபோது எல்லா அம்புக்குறிகளும் கரையிலிருந்தே வந்தன. பாடத்திற்குப் பின் வரைந்த படங்களில் மேலிருந்து கீழே அம்புகள் இறங்கின. தட்டைப் பற்றிக் கேட்ட மாணவி, ஏரியிலிருந்து ஓர் அம்பை மீனுக்கும், மீனிலிருந்து ஒரு வீட்டுக்கும் இழுத்திருந்தாள். வீட்டின் அடுப்புப் புகையிலிருந்து மீண்டும் வானத்துக்கு இன்னோர் அம்பு. அந்தக் கடைசி அம்பை நான் சொல்லித்தரவில்லை.